செஞ்சோற்றுக் கடன்: தளபதி ஹான் ஷின்னின் எழுச்சியும் வீழ்ச்சியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கி.மு. 202. சீனத்தின் கிழக்கே ஹுவாய் ஆறு பாயும் சமவெளியில், சூ நாட்டுக்குப் புதிதாக முடிசூடிய ஒரு மன்னன் தன் தலைநகரான சியாபிக்கு வந்து சேர்ந்தான். அவன் பிறந்து வளர்ந்த ஹுவாயின் என்ற ஊர் இப்போது அவன் ஆட்சிக்குள் இருந்தது. வந்ததும் அந்த ஊரிலிருந்து மூன்று பேரைத் தேடிக் கூட்டிவரச் சொன்னான்.

ஒருவர் மூதாட்டி, ஆற்றங்கரையில் பட்டுப்பஞ்சு அலசிப் பிழைத்தவர். அவருக்கு மன்னன் ஆயிரம் பொன் கொடுத்தான். இன்னொருவர் ஒரு சாவடித் தலைவர். ஊர்க்காவலையும் வழிப்போக்கர் தங்குமிடத்தையும் பார்த்துக்கொண்ட சிற்றதிகாரி. அவருக்குக் கிடைத்தது நூறு காசு. தொடங்கிய நன்மையைப் பாதியில் நிறுத்திவிட்ட சிறிய மனிதர் என்று முகத்துக்கு நேரே சொல்லி அதைக் கொடுத்தான் மன்னன். மூன்றாமவன், பல ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் இதே மன்னனைத் தன் கால்களுக்கு இடையில் தவழ்ந்து போகவைத்தவன். தலை போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவனுக்கு நகர்க்காவல் அதிகாரி பதவி கிடைத்தது.

அந்த மன்னன்தான் ஹான் ஷின். ஹான் பேரரசை உருவாக்கிய போர்களில் பெரும்பாலானவற்றை வென்று கொடுத்த தளபதி. அந்தப் பேரரசு சுமார் 400 ஆண்டுகள் நிலைத்தது; சீனர்களில் பெரும்பான்மையோர் இன்றும் தங்களை ஹான் மக்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தளபதியின் குடும்பப் பெயரும் பேரரசின் பெயரும் தமிழில் ஒன்றுபோல ஒலித்தாலும், சீனத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு தொனி.

நம் மொழியில் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்றொரு சொல் உண்டு. அதைச் சொன்னதும் கர்ணன் நம் கண்முன் வந்து நிற்கிறான். ஹான் ஷின்னின் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை இழுத்துச் சென்றதும் அந்தக் கடன்தான். யார் சோறு போட்டார்கள், எத்தனை நாள் போட்டார்கள், எந்த மனத்தோடு போட்டார்கள் என்பதை அவன் மறந்ததே இல்லை. போர்க்களத்தில் எதிரியின் மனத்தை வரிவரியாகப் படித்தவன், தனக்குச் சோறு போட்ட அரசனின் மனத்தை ஏன் படிக்கவில்லை? இந்தச் சொற்பொழிவு அந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

பசியின் நாட்கள்

ஹான் ஷின்னைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவன் இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் சிமா சியென் எழுதிய ‘ஷிஜி’ என்ற வரலாற்று நூலிலிருந்து வருகிறது. 130 இயல்கள் கொண்ட அந்த நூலின் 92ஆம் இயல் முழுவதும் ஹான் ஷின்னுக்கே உரியது.

இளமையில் அவனிடம் பொருளும் இல்லை, நற்பெயரும் இல்லை. அரசு வேலைக்கு யாரும் பரிந்துரைக்கவில்லை. வணிகம் செய்யவும் தெரியவில்லை. யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று ஊரே முகம் சுளித்தது. சாவடித் தலைவர் வீட்டில் பல மாதங்கள் அப்படிச் சாப்பிட்டான். தலைவரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் விடியுமுன்னே சமைத்து, படுக்கையிலேயே எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டார். வழக்கமான நேரத்துக்கு வந்த ஹான் ஷின் வெறும் அடுப்பைப் பார்த்தான். புரிந்துகொண்டான். கோபத்தோடு வெளியேறியவன் அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

பிறகு ஆற்றில் தூண்டில் போட்டு உட்கார்ந்தான். கரையில் பெண்கள் பட்டுப்பஞ்சு அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி அவன் முகத்தில் பசியைப் பார்த்துத் தன் சோற்றைப் பகிர்ந்தார். அலசும் வேலை முடியும்வரை பல வாரங்கள் இது நடந்தது. ஒருநாள் இதற்குப் பெரிதாகக் கைம்மாறு செய்வேன் என்று அவன் சொன்னபோது அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. உடல் வளர்ந்த ஆண்பிள்ளை தன் வயிற்றைத் தானே நிரப்ப முடியாமல் இருக்கிறானே என்ற இரக்கத்தில்தான் கொடுத்தேன், யார் உன் கைம்மாற்றை எதிர்பார்த்தது என்று கடிந்துகொண்டார்.

கையில் சோறில்லாவிட்டாலும் இடுப்பில் வாள் இருந்தது. அதுதான் இறைச்சிக் கடைத்தெரு இளைஞன் ஒருவனின் கண்ணை உறுத்தியது. துணிவிருந்தால் என்னைக் குத்து, இல்லாவிட்டால் என் கால்களுக்கு இடையில் புகுந்து போ என்று கூட்டத்தின் நடுவில் மறித்தான். ஹான் ஷின் அவனை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு மண்ணில் குனிந்து தவழ்ந்து வெளியே வந்தான். சந்தை முழுக்கச் சிரித்தது. மன்னனான பின் அவன் இதற்கு விளக்கம் சொன்னான்: அன்று கொன்றிருக்கலாம், கொன்று எந்தப் பெயரும் கிடைத்திருக்காது, பொறுத்ததால் இந்த இடத்துக்கு வந்தேன் என்று.

துரத்திப் பிடித்த சேனாபதி

சீனத்தை முதன்முதலில் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த சின் பேரரசு, முதல் பேரரசர் கி.மு. 210இல் இறந்ததும் ஆட்டம் கண்டது. மறு ஆண்டே எங்கும் கலகம். சூ நாட்டுப் படைக்குடும்பத்தைச் சேர்ந்த ஷியாங் லியாங் ஹுவாய் ஆற்றைக் கடந்து வந்தபோது, ஹான் ஷின் வாளை எடுத்துக்கொண்டு அந்தப் படையில் சேர்ந்தான். ஷியாங் லியாங் போரில் இறந்தபின் அவர் அண்ணன் மகன் ஷியாங் யூவின் கீழ் ஈட்டி பிடித்து நிற்கும் காவல் பணி. பலமுறை போர்த்திட்டங்கள் சொல்லிப் பார்த்தான். ஷியாங் யூ எதையும் காதில் வாங்கவில்லை.

கி.மு. 206இல் சின் வீழ்ந்தது. ஷியாங் யூ நாட்டைப் பல அரசுகளாகப் பிரித்துக் கொடுத்து, தனக்குப் போட்டியாக வரக்கூடிய லியூ பாங்கை மலைகளுக்கு அப்பாலுள்ள ஹான்ஜோங்குக்கு ‘ஹான் அரசன்’ என்று அனுப்பிவைத்தான். லியூ பாங்கும் குடியானவர் வீட்டுப் பிள்ளை. ஒரு காலத்தில் சாவடித் தலைவனாக இருந்தவன். ஹான் ஷின் அவனிடம் கட்சி மாறினான்.

அங்கும் தொடக்கம் நன்றாக இல்லை. ஏதோ குற்றத்துக்காக ஒரு குழுவே மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்டது. 13 தலைகள் உருண்டுவிட்டன. அடுத்தது ஹான் ஷின். தலை நிமிர்ந்தவன் கண்ணில் லியூ பாங்கின் நெருங்கிய துணைவன் ஷியாஹோ யிங் பட்டான். உங்கள் அரசருக்கு உலகை வெல்லும் எண்ணமில்லையா, ஏன் ஒரு வீரனைக் கொல்கிறீர்கள் என்று கேட்டான். அந்தக் கேள்வி உயிரைக் காப்பாற்றியது. தானியக் கிடங்கைக் கண்காணிக்கும் அதிகாரியாகப் பதவியும் வாங்கித் தந்தது. சோற்றுக்கு அலைந்தவன் படைக்கே சோறளக்கும் இடத்துக்கு வந்தான்.

தானியக் கணக்கு பேச வந்த இடத்தில்தான் அமைச்சர் ஷியாவ் ஹெ அவனை எடைபோட்டார். பலமுறை பேசிப் பார்த்து இவன் வேறு அளவு ஆள் என்று முடிவுக்கு வந்தார். ஆனால் அரசன் அசையவில்லை. ஊர் ஏக்கத்தில் பல அதிகாரிகள் ஓடிப்போய்க்கொண்டிருந்த நேரம். ஹான் ஷின்னும் கிளம்பிவிட்டான். செய்தி கேட்ட ஷியாவ் ஹெ அரசனிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் குதிரை ஏறித் துரத்தினார். அமைச்சரே ஓடிவிட்டார் என்று யாரோ சொல்ல, லியூ பாங் இரண்டு கைகளையும் இழந்தவன்போல் ஆனான். ஓரிரு நாளில் ஷியாவ் ஹெ திரும்பினார். ஓடிப்போன எத்தனையோ தளபதிகளை விட்டுவிட்டு இவனை மட்டும் ஏன் துரத்தினீர் என்று அரசன் கேட்டான். மற்றவர்கள் எளிதில் கிடைப்பார்கள், இவனுக்கு நாட்டில் இணையில்லை என்றார் அமைச்சர். பின்னாளைய நாடகங்களும் ஓவியங்களும் இந்தத் துரத்தலுக்கு நிலவொளியைச் சேர்த்துக்கொண்டன.

நாள் பார்த்து, மேடை கட்டி, நோன்பிருந்து தலைமைச் சேனாபதியை அமர்த்த ஏற்பாடு ஆனது. தளபதிகள் ஒவ்வொருவரும் தனக்குத்தான் அந்தப் பதவி என்று மகிழ்ந்திருந்தார்கள். மேடை ஏறியவன் ஹான் ஷின் என்றதும் படை முழுவதும் திகைத்தது.

அன்று அவன் லியூ பாங்குக்குச் சொன்ன கணிப்பைக் கூர்ந்து கேட்க வேண்டும். ஷியாங் யூ உன்னைவிடப் பெரிய வீரன் என்று தொடங்கி, அவன் ஏன் தோற்பான் என்பதை அடுக்கினான். ஷியாங் யூ அன்பானவன். நோயுற்றவனைக் கண்டால் கண்ணீர் விடுவான். தன் உணவைப் பகிர்ந்து கொடுப்பான். ஆனால் வெற்றிக்கு உழைத்தவனுக்குப் பதவி கொடுக்கும் நேரம் வந்தால், செதுக்கிய முத்திரையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பான். முனைகள் தேய்ந்தாலும் கொடுக்க மனம் வராது. சோற்றைப் பகிர்வது சிறிய இரக்கம், முத்திரையைக் கொடுப்பதே அரசனின் மனம். கி.மு. 206இல் ஹான் ஷின் சொன்னதன் சாரம் இது. மூன்றே ஆண்டுகளில் அவன் இதை மறந்தான்.

ஆற்றைப் பின்னால் வைத்த போர்

அதே ஆண்டு ஹான் படை சென்சாங் வழியாக வெளியே வந்து, பழைய சின் நாட்டின் நிலத்தைக் கைப்பற்றியது. அங்கே ஆண்ட மூவரும் முன்னாள் சின் தளபதிகள். அவர்களை நம்பிச் சரணடைந்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை ஷியாங் யூ உயிரோடு புதைத்திருந்தான். தளபதிகள் மட்டும் தப்பி அரசர்களானார்கள். பிள்ளைகளை இழந்த ஊர்கள் அந்த மூவருக்காகப் போரிடாது என்று ஹான் ஷின் முன்பே கணித்திருந்தான். எரிந்துபோன மலைப்பாலங்களைப் பகலில் பழுதுபார்ப்பதுபோல் காட்டி வேறு வழியில் போனான் என்ற புகழ்பெற்ற கதை பின்வந்த நாடகங்களின் சேர்க்கை.

மறு ஆண்டு லியூ பாங் 5,60,000 பேர் கொண்ட கூட்டணிப் படையுடன் ஷியாங் யூவின் தலைநகர் பெங்செங்குக்குள் நுழைந்தான். தேர்ந்தெடுத்த 30,000 வீரர்களுடன் விரைந்து வந்த ஷியாங் யூ அந்தப் பெரும்படையைச் சிதறடித்தான். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அப்போதுதான் ஹான் ஷின்னை வடக்கே அனுப்பி, கழன்ற நாடுகளை வளைத்து வரும் திட்டம் உருவானது.

முதலில் வெய் நாடு. மஞ்சளாற்றின் மறுகரையில் எதிரி காத்து நின்றான். அவனுக்கு எதிரே ஹான் ஷின் படகுகளை வரிசையாக நிறுத்தி, அங்கேதான் கடக்கப்போவதுபோல் காட்டினான். மறைவாக ஒரு படை வேறொரு துறைக்குப் போய், மரக் குடங்களைக் கட்டிச் செய்த மிதவைகளில் ஆற்றைக் கடந்தது. வெய் அரசன் சிறைப்பட்டான். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் லியூ பாங் நல்ல வீரர்களைத் தன் போர்முனைக்கு எடுத்துக்கொண்டான். ஹான் ஷின்னிடம் எஞ்சியது புதிதாகத் திரட்டிய ஆட்கள்.

அந்த ஆட்களோடுதான் கி.மு. 205-204 குளிர்காலத்தில் தாய்ஹாங் மலையின் ஜிங்ஷிங் கணவாயை நெருங்கினான். மறுபக்கம் ஜாவ் நாட்டுப் படை. இரண்டு லட்சம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஜாவ் தரப்பில் லி சுவோசெ என்றொரு கூர்மையான மனிதர் இருந்தார். இரண்டு வண்டிகள் ஒருசேரப் போக முடியாத பாதை அது, உணவு வண்டிகள் கடைசியில்தான் வரும், எனக்கு 30,000 பேர் கொடுங்கள், பின்னால் போய் அவற்றை அறுத்துவிடுகிறேன் என்றார். விறகு பொறுக்கிப் பிறகு சமைக்கும் படை வயிறு நிறைந்து தூங்காது என்பது அவர் கணக்கு. தலைமைத் தளபதி சென் யூ படிப்பாளி. நியாயத்துக்காகப் போராடும் படை சூழ்ச்சி செய்யாது என்று மறுத்தார். ஒற்றர்கள் மூலம் இந்த மறுப்பைத் தெரிந்துகொண்ட பிறகே ஹான் ஷின் கணவாய்க்குள் கால் வைத்தான்.

கணவாய் வாயிலுக்கு 30 லி (பழைய சீனத் தொலைவளவு) தொலைவில் முகாம். நள்ளிரவில் 2,000 குதிரை வீரர்களைத் தேர்ந்து, ஆளுக்கொரு சிவப்புக் கொடி கொடுத்து, ஜாவ் முகாம் தெரியும் மலைச்சரிவில் ஒளியவைத்தான். படைக்கு இலேசாக ஏதோ உண்ணக் கொடுத்து, ஜாவை வென்றபின் சேர்ந்து சாப்பிடலாம் என்று அறிவித்தான். யாரும் நம்பவில்லை, சரி என்று மட்டும் சொன்னார்கள். பிறகு 10,000 பேரை முன்னே அனுப்பி, ஆற்றை முதுகுப்பக்கம் வைத்து அணிவகுக்கச் செய்தான். விடிந்ததும் ஜாவ் வீரர்கள் கோட்டையிலிருந்து பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் தப்பிக்க வழியில்லாமல் படை நிறுத்துவது போர்நூல்களுக்கு நேர் எதிரானது.

சேனாபதியின் கொடியும் முரசுமாக ஹான் ஷின்னே முன்வந்து மோதினான். சிறிது நேரத்தில் கொடிகளையும் முரசுகளையும் போட்டுவிட்டு ஆற்றங்கரை அணிக்குப் பின்வாங்கினான். அவற்றைக் கைப்பற்றும் ஆசையில் ஜாவ் முகாம் காலியானது. ஆற்றைத் தொட்டு நின்ற வீரர்களுக்கு ஓட இடமில்லை. உயிரைக் கொடுத்து நின்றார்கள். அதே வேளையில் 2,000 குதிரைகள் காலி முகாமுக்குள் பாய்ந்து, ஜாவ் கொடிகளைப் பிடுங்கி 2,000 சிவப்புக் கொடிகளை நட்டன. வெல்ல முடியாமல் முகாமுக்குத் திரும்பிய ஜாவ் படை அதைப் பார்த்ததும் தங்கள் அரசன் பிடிபட்டான் என்று எண்ணிச் சிதறியது. சென் யூ கொல்லப்பட்டார்.

வெற்றிக்குப் பின் தளபதிகள் விளக்கம் கேட்டார்கள். சாகும் இடத்தில் வைத்தால்தான் பிழைப்பார்கள் என்பதும் போர்நூலில் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை என்றான். நான் பழக்கிய படையா இது, சந்தையில் கூடிய ஆட்களைத் திரட்டிப் போருக்கு ஓட்டிவந்ததுபோல் இருந்தது, தப்பிக்க வழி கொடுத்திருந்தால் ஒருவனும் நின்றிருக்க மாட்டான் என்றான்.

இந்தப் போரை வெறும் துணிச்சலாகப் படித்தவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 1592இல் ஜப்பானியர் கொரியா மீது படையெடுத்தபோது, கொரியத் தளபதி ஷின் ரிப் மலைக்கணவாயைக் காக்காமல் சுங்ஜு அருகே ஆற்றைப் பின்னால் வைத்துக் குதிரைப்படையை நிறுத்தினார். படை அழிந்தது, அவரும் ஆற்றில் மாண்டார். ஹான் ஷின்னின் ஆறு தன் வீரர்களை நிற்கவைக்க மட்டுமே. போரை முடித்தது எதிரியின் முதுகில் ஏறிய 2,000 கொடிகள். அந்தக் கொடிகளுக்கு வழி திறந்தது சென் யூவின் மனத்தைப் பற்றிய அறிவு.

பிடிபட்ட லி சுவோசெயின் கட்டுகளை ஹான் ஷின் தானே அவிழ்த்தான். அவரைக் கிழக்கு நோக்கி உட்காரவைத்து, எதிரே மாணவன்போல் அமர்ந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டான். களைத்த படையோடு யென் நாட்டைத் தாக்காதே, ஓய்வெடுத்து ஒரு கடிதம் அனுப்பு என்றார் அவர். கடிதம் போனது, யென் பணிந்தது.

விடியற்காலையில் போன முத்திரை

கி.மு. 204இல் லியூ பாங் மேற்குப் போர்முனையில் தோற்று, ஒரே ஒரு துணையுடன் மஞ்சளாற்றைக் கடந்து ஹான் ஷின்னின் முகாமுக்கு வந்தான். அரசனின் தூதர் என்று சொல்லி விடியற்காலையில் நுழைந்தான். ஹான் ஷின் இன்னும் எழவில்லை. படுக்கை அறைக்குள் போய் முத்திரையை எடுத்துக்கொண்டு, தளபதிகளை அழைத்து எல்லோருடைய பொறுப்புகளையும் மாற்றினான். ஹான் ஷின் கண்விழித்தபோது படை அவனுடையதாக இல்லை. புதிய ஆட்களைத் திரட்டிக் கிழக்கே சீ நாட்டை வெல்லச் சொல்லி உத்தரவு வந்தது.

முத்திரையைக் கொடுக்கத் தயங்குகிறவன் தோற்பான் என்று ஹான் ஷின் சொல்லியிருந்தான். கொடுத்த முத்திரையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளவும் தெரிந்த ஓர் அரசனை அன்று காலை பார்த்தான்.

சீ நாட்டு விவகாரத்தில் அவன் கையும் தூய்மையாக இல்லை. லியூ பாங்கின் தூதர் லி யிஜி பேசிப் பேசியே சீ அரசனைப் பணியவைத்துவிட்டார். ஹான் ஷின் படையை நிறுத்தியிருக்கலாம். ஆலோசகன் குவாய் தோங் அவன் காதில் ஒரு கணக்கைப் போட்டான்: ஒரு வாய்ப்பேச்சுக்காரர் எழுபதுக்கு மேற்பட்ட நகரங்களைப் பிடித்தார், நீங்கள் ஓராண்டுக்கு மேல் போரிட்டு ஐம்பதுக்கு மேல் பிடித்தீர்கள். அந்தச் சொல் குத்தியது. காவலைத் தளர்த்தியிருந்த சீ படை மீது ஹான் ஷின் பாய்ந்தான். ஏமாற்றப்பட்டதாக எண்ணிய சீ அரசன் லி யிஜியைக் கொதிக்கும் கொப்பரையில் போட்டுக் கொன்றான்.

உதவிக்கு வந்த சூ தளபதி லோங் ஜூ, ஹான் ஷின்னை எளிதில் சமாளிக்கலாம் என்று நம்பினான். வெய் ஆற்றின் இருபக்கமும் படைகள். ஹான் ஷின் இரவோடிரவாக 10,000க்கு மேற்பட்ட மணல் மூட்டைகளால் மேல்பக்கம் ஆற்றை அடைத்தான். பாதிப் படையோடு ஆற்றைக் கடந்து, தாக்கி, பயந்ததுபோல் திரும்பி ஓடினான். லோங் ஜூ துரத்தி ஆற்றில் இறங்கியதும் மூட்டைகள் அகற்றப்பட்டன. பாய்ந்து வந்த நீர் எதிரிப் படையை இரண்டாகப் பிளந்தது. கரை சேர்ந்த லோங் ஜூ கொல்லப்பட்டான்.

பிறகு ஒரு கடிதம் எழுதினான். சீ நாட்டை அடக்கத் தற்காலிக அரசன் என்ற பட்டம் வேண்டும். கடிதம் போனபோது லியூ பாங் முற்றுகைக்குள் இருந்தான். உதவிக்கு வருவாய் என்று காத்திருந்தால் பட்டமா கேட்கிறாய் என்று வெடித்தான். ஆலோசகர்கள் ஜாங் லியாங்கும் சென் பிங்கும் அரசன் காலை மிதித்துக் காதில் முணுமுணுத்தார்கள். லியூ பாங் வசவை நிறுத்தாமல் திசையை மட்டும் மாற்றினான்: வென்றவனுக்கு எதற்குத் தற்காலிகப் பட்டம், உண்மை அரசனாகவே இருக்கட்டும். கி.மு. 203இல் முத்திரை போனது.

முதுகு காட்டிய சோதிடம்

இப்போது தராசின் முள் ஹான் ஷின் கையில். அவன் சாயும் பக்கம்தான் வெல்லும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஷியாங் யூவின் தூதன் வந்து, மூவராக நாட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்றான். ஹான் ஷின் மறுத்தான். உன் அரசனிடம் நான் வெறும் ஈட்டிக்காவலன். ஹான் அரசனோ எனக்குச் சேனாபதி முத்திரை கொடுத்தான், தன் ஆடையைக் கழற்றி உடுத்தினான், தன் உணவைத் தள்ளிவைத்து எனக்கு ஊட்டினான் என்றான்.

அடுத்து குவாய் தோங் வந்தான், சோதிடம் பார்ப்பதுபோல. உங்கள் முகத்தைப் பார்த்தால் கோமான் பதவிதான் தெரிகிறது, முதுகைப் பார்த்தாலோ சொல்ல முடியாத பெருமை தெரிகிறது என்றான். சீனத்தில் முதுகைக் குறிக்கும் அதே சொல் அணி மாறுவதையும் குறிக்கும். வேலை முடிந்ததும் அழிக்கப்பட்ட அமைச்சர்களின் முன்கதைகளைச் சொன்னான். உயிர்த்தோழர்களாக இருந்து ஒருவரையொருவர் வேட்டையாடிய இருவரை நினைவூட்டினான். அவர்களில் ஒருவர்தான் ஜிங்ஷிங்கில் மாண்ட சென் யூ. அரசனையே அஞ்சவைக்கும் திறமை உள்ளவனுக்கு வெகுமதி கிடையாது என்று எச்சரித்தான்.

ஹான் ஷின்னின் பதிலில் ஆற்றங்கரை மூதாட்டி நிற்கிறார். அவன் வண்டியில் ஏறினேன், அவன் ஆடையை உடுத்தேன், அவன் சோற்றைத் தின்றேன். தின்றவன் அந்தக் காரியத்துக்காகச் சாக வேண்டும் என்றான். சில நாள் கழித்து குவாய் தோங் மறுபடி வற்புறுத்தியும் மனம் மாறவில்லை. ஆபத்தை உணர்ந்த ஆலோசகன் பித்துப் பிடித்தவன்போல் நடித்து விலகிப் போனான்.

ஷியாங் யூ பகிர்ந்த சோற்றைச் சிறிய இரக்கம் என்று எடைபோட்டவன், லியூ பாங் பகிர்ந்த சோற்றை வாழ்நாள் கடனாக ஏற்றுக்கொண்டான். பசித்த காலத்தில் கிடைத்த ஒரே தூய சோறு அந்த மூதாட்டியுடையது. எல்லாச் சோற்றையும் அந்த அளவுகோலால் அளந்ததே அவன் பிழை என்று தோன்றுகிறது. அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. அரசனின் விருந்தோ முதல் கவளத்திலிருந்தே ஒரு நாட்டை எதிர்பார்த்தது.

ஹான் ஷின்னும் முழுக்கக் கடனாளியாக நடந்துகொள்ளவில்லை. கடைசிப் போருக்கு லியூ பாங் அழைத்தபோது அவனும் இன்னொரு கூட்டாளித் தளபதியான பெங் யுவேயும் வரவில்லை. நிலம் தருவதாக வாக்குறுதி வந்த பிறகே படைகள் நகர்ந்தன. கி.மு. 202இல் கெய்ஷியாவில் 3,00,000 பேரோடு நடுவில் நின்று மோதி, பின்வாங்கி, இருபக்கப் படைகளும் நெருக்கியதும் திரும்பித் தாக்கினான். ஷியாங் யூ தன் வாழ்வின் கடைசித் தோல்வியைக் கண்டு, வூ ஆற்றங்கரையில் உயிரை மாய்த்துக்கொண்டான். 11ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சிமா குவாங் இந்த இரட்டை மனத்தைத்தான் சுட்டினார்: தனக்கு வேண்டியதைச் சந்தை வணிகனைப்போல் பேரம் பேசி வாங்கியவன், பிறரிடம் மட்டும் சான்றோரின் நன்றியை எதிர்பார்த்தான் என்பது அவர் கணிப்பு.

மணி தொங்கிய அறை

வெற்றி கிடைத்த உடனே லியூ பாங் ஹான் ஷின்னின் முகாமுக்குள் பாய்ந்து இரண்டாவது முறையாகப் படையைப் பறித்தான். சீ நாட்டுக்குப் பதிலாகச் சூ நாடு தரப்பட்டது. தொடக்கத்தில் சொன்ன மூன்று பேரும் அழைக்கப்பட்டது அப்போதுதான்.

ஓராண்டு தாங்கவில்லை. ஷியாங் யூவின் தளபதியாக இருந்த ஜோங்லி மோ, பழைய நட்பை நம்பி ஹான் ஷின்னிடம் ஒளிந்திருந்தான். கி.மு. 201இல் கலகக் குற்றச்சாட்டு கிளம்பியது. லியூ பாங் யுன்மெங் சதுப்புநிலத்துக்குச் சுற்றுலா என்று சொல்லிச் சூ எல்லைக்கு வந்தான். தன்னைக் காத்துக்கொள்ள ஹான் ஷின் நண்பனைக் கைவிட்டான். நான் இன்று செத்தால் நீ நாளை சாவாய் என்று சொல்லி ஜோங்லி மோ தற்கொலை செய்துகொண்டான். அந்தத் தலையோடு போன ஹான் ஷின் அங்கேயே கட்டப்பட்டான். சோற்றுக் கடனைப் போற்றியவன் அடைக்கலக் கடனைத் தீர்க்காத நாள் அது.

உயிர் தப்பியது. அரச பட்டம் போய் ‘ஹுவாயின் கோமான்’ ஆக்கப்பட்டுத் தலைநகரில் வைக்கப்பட்டான். ஒருமுறை, பேரரசராகிவிட்ட லியூ பாங் தளபதிகளின் திறனை அளந்து பேசிக்கொண்டிருந்தார். நான் எத்தனை பேரை நடத்துவேன் என்று கேட்க, ஒரு லட்சத்துக்கு மேல் முடியாது என்றான். நீ? எத்தனை பேரானாலும் அத்தனையும் நல்லது என்றான். இந்தப் பேச்சு சீனத்தில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. தளபதிகளை நடத்தத் தெரிந்தவர் நீங்கள், அதனால்தான் உங்களிடம் சிறைப்பட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

கி.மு. 197இல் வடக்கே சென் ஷி கலகம் செய்தான். பேரரசர் படையோடு போனார். ஹான் ஷின் நோயென்று சொல்லித் தங்கிவிட்டான். அவன் சென் ஷியோடு தொடர்பு வைத்துக் கைதிகளையும் அடிமைகளையும் திரட்டி அரண்மனையைத் தாக்கப் போகிறான் என்று மறு ஆண்டு பேரரசி லூவிடம் புகார் வந்தது. சொன்னவன் ஹான் ஷின்னிடம் தண்டனைக்குக் காத்திருந்த ஒரு பணியாளின் தம்பி. பேரரசி ஷியாவ் ஹெயைக் கலந்தார். சென் ஷி ஒழிந்தான், எல்லோரும் வாழ்த்த வாருங்கள் என்று பொய்ச் செய்தி பரப்பப்பட்டது. உடல்நலமில்லாவிட்டாலும் கட்டாயம் வா என்று அழைத்தவர் ஷியாவ் ஹெ. அன்று குதிரை ஏறித் துரத்திப் பிடித்த மனிதர் கூப்பிட்டார். ஹான் ஷின் போனான். சாங்லெ அரண்மனையில் மணி தொங்கிய அறையில் அவனை வெட்டினார்கள். மூன்று வழிக் குடும்பமும் அழிக்கப்பட்டது.

பெரும்படை கையில் இருந்தபோது மறுத்த கலகத்தை, அடிமைகளைக் கூட்டிக்கொண்டு செய்ய முயன்றான் என்பதைப் பின்வந்த அறிஞர் பலரால் நம்ப முடியவில்லை. ஊர் திரும்பிய லியூ பாங் செய்தி கேட்டு மகிழவும் செய்தான், வருந்தவும் செய்தான் என்று சிமா சியென் ஒரே வரியில் இரண்டையும் எழுதுகிறார். அதே கி.மு. 196இல் பெங் யுவேயும் கொல்லப்பட்டான். ஷியாவ் ஹெக்கு 5,000 குடும்பங்களின் வருவாயும் 500 காவலரும் பரிசாக வந்தன. வாழ்த்தாமல் எச்சரித்தவர் ஷாவ் பிங் ஒருவர்தான். சின் காலத்தில் கோமானாக இருந்து, பேரரசு வீழ்ந்தபின் வெள்ளரி வகைப் பழம் பயிரிட்டுப் பிழைத்தவர். காவலர் வந்தது பாதுகாக்க இல்லை, சந்தேகத்தில் என்றார். ஷியாவ் ஹெ பரிசை மறுத்துத் தன் சொத்தைப் படைச்செலவுக்குக் கொடுத்துவிட்டார். அப்படியும் பின்னர் ஒருமுறை விலங்கு பூட்டப்பட்டார்.

ஹுவாயின் மேடு

சிமா சியென் இளமையில் ஊர் ஊராகப் பயணம் செய்தவர். ஹுவாயினுக்கும் போனார். ஹான் ஷின் ஒன்றுமில்லாதவனாக இருந்தபோதே அவன் மனம் வேறு மாதிரி இருந்தது என்று ஊர்மக்கள் அவரிடம் சொன்னார்கள். தாய் இறந்தபோது அடக்கம் செய்யக் கையில் காசில்லை. ஆனாலும் தேடித் திரிந்து, உயரமான, திறந்த மேட்டைத் தேர்ந்தானாம். பின்னால் பக்கத்தில் பத்தாயிரம் குடும்பங்களைக் குடியமர்த்த இடம் இருக்க வேண்டும் என்று. அந்தக் கல்லறையை நேரில் போய்ப் பார்த்தேன், உண்மைதான் என்று சிமா சியென் எழுதுகிறார். லி லிங் என்ற தோற்ற தளபதிக்காகப் பேரரசர் முன் பரிந்து பேசி, அதற்குத் தண்டனையாக ஆண்மை நீக்கப்பட்டவர் அவர். ஹான் ஷின் சற்றே அடக்கத்தோடு இருந்திருந்தால் அவன் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பலி படைத்திருப்பார்களே என்று ஏங்கியபோது, அரசவையின் குளிர் எப்படிப்பட்டது என்று அறிந்தே ஏங்கினார்.

ஹுவாயின் இன்று ஜியாங்சு மாநிலத்தின் ஹுவாய்ஆன் நகருக்குள் அடங்குகிறது. தளபதிக்கு அங்கே நினைவாலயம் உண்டு. அந்த மூதாட்டிக்கும் தனியாக ஒன்று உண்டு. சிமா சியென் அவருக்குப் பெயர் எழுதவில்லை. பஞ்சு அலசும் தாய் என்று பொருள்படும் இரண்டே எழுத்துகளில் குறித்தார். அந்த இரண்டு எழுத்துகளே இன்றும் ஆலயத்தின் பெயராக இருக்கின்றன.